லிஸ்பன் வழியாகத் தூத்துக்குடிக்கு

ஐரோப்பாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்று தெரிந்தால் நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். பாரிஸ் பார்த்தீர்களா என்பது முதல் கேள்வி. பனி பெய்வதைப் பார்த்தீர்களா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டால் திருப்தியோடு எழுந்து போய்விடுகிறார்கள். நானும் என் மனைவியும் அங்கே உண்மையில் பார்த்துவிட்டு வந்தது தூத்துக்குடியைத்தான் என்று சொன்னால், "கதை எழுதுகிறவர் அல்லவா, அப்படித்தான் பேசுவார்" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

போகக் காரணமாக இருந்தவள் என் மனைவி. அவள் சிப்பி, சங்கு போன்ற கடல் உயிர்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். 2015இல் லிஸ்பன் நகரத்தில் இரண்டு வருஷ ஆராய்ச்சி உத்தியோகம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. நானோ கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன். அவளுக்கு அங்கே வேலை. எனக்கு அவளோடு இருப்பது வேலை. விசா விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று எழுதியிருந்தது. தமிழில் எழுதிப் பிழைக்க முயன்றவனுக்கு அந்தப் பட்டம் புதிதல்ல.

இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. அவள் கடற்கரைத் தெருவில் பரதவர் வீட்டில் பிறந்தவள். வீட்டுப் பெயர் பர்னாந்து. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் கடைத்தெருப் பக்கத்தவன். பெரியவர்கள் சம்மதித்த பிறகு எங்கள் கல்யாணம் நடந்ததா, நடந்த பிறகு சம்மதித்தார்களா என்பது வேறு கதை. அதை ஏற்கெனவே இரண்டு நாவல்களில் மாற்றி மாற்றி எழுதிவிட்டேன்.

லிஸ்பனில் அல்ஃபாமா என்று ஒரு பழைய பகுதி உண்டு. தேஜு நதியைப் பார்த்தபடி மேட்டில் ஏறிப் போகும் சந்துகள். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள். அங்கே ஒரு மூன்றாம் மாடியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரி எழுபது வயது தாண்டிய ஒரு விதவை அம்மாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்களுக்குப் போர்த்துகீஸ் தெரியாது. வாடகையை விரல் விட்டு எண்ணித்தான் பேசி முடித்தோம்.

குடி வந்த இரண்டாம் நாள் இரவு, குப்பை போடுவதற்காக வெளியே வந்தோம். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. என் மனைவி கையைப் பிசைந்துகொண்டு, "ஐயோ, சாவி உள்ளேல்லா இருக்கு! சாவி! சாவி!" என்று கத்திவிட்டாள். கீழ்த் தளத்திலிருந்து அந்த அம்மாள் வெளியே வந்தார். எங்களை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். உள்ளே போய் மாற்றுச் சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "சாவ்?" என்று கேட்டு நீட்டினார்.

நாங்கள் மூவரும் அந்த மாடிப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

*

சாவி போர்த்துகீசியர் கொடுத்த சொல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பாடத்தில் படிப்பது வேறு, பூட்டிய கதவுக்கு முன்னால் கண்டுகொள்வது வேறு. மறுநாள் காலை முதல் என் மனைவிக்கும் அந்த அம்மாளுக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. இவள் மேசையைத் தொட்டு "மேசை" என்பாள். அவர் "மேஸா" என்பார். இவள் ஜன்னல் என்றால் அவர் "ஜனேலா". அலமாரிக்கு "அர்மாரியு", துவாலைக்கு "துவால்யா", வாளிக்கு "பால்து", கோப்பைக்கு "கோப்பு", வராந்தாவுக்கு "வராந்தா"வேதான். கொய்யாவும் அன்னாசியும் கடைக்குப் போன இடத்தில் வெளிவந்தன. ஒரு மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் சாமான்களையும் அடுக்கிவிட்டார்கள். வினைச்சொல் மட்டும்தான் இல்லை. பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதற்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. கடைகளிலும் டிராமிலும் சாவியை எல்லோரும் 'ஷாவ்' என்றே சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாள் மட்டும் 'சாவ்' என்று நம்மைப் போல் அழுத்திச் சொன்னார். மொழி தெரிந்த ஒருவரிடம் விசாரித்ததில் காரணம் தெரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தபோது அந்த எழுத்துகளுக்கு 'ச்ச' என்ற ஒலிதான் இருந்தது. பிற்காலத்தில் லிஸ்பன் நாகரிகத்தில் அது 'ஷ' என்று தேய்ந்துவிட்டது. வடக்கே மலைக்கு அப்பால் உள்ள கிராமங்களில் மட்டும் பழைய உச்சரிப்பு தங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரி அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். "என் பாட்டி இப்படித்தான் சொல்வாள். இங்கே வந்த புதிதில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள்" என்று அவர் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார்.

லிஸ்பன் தொலைத்துவிட்ட ஓர் ஓசையை அந்தக் கிழவியின் கிராமமும் நம் தமிழ்நாடும் நானூறு ஐந்நூறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கின்றன. நமக்கு அது பத்திரம் என்றுகூடத் தெரியாது. தினமும் கதவைப் பூட்டித் திறந்துகொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு ஊர் முழுவதும் எங்களுக்குத் தூத்துக்குடியாகவே தோன்ற ஆரம்பித்தது. கடைப் பலகைகளில் பெர்னாந்தஸ், கோமஸ், பெரைரா, மச்சாது, கொரையா என்று பெயர்கள். "ஏங்க, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரில்லா இருக்கு" என்பாள் என் மனைவி. மளிகைக் கடைக்குள் நுழைந்தால் பலகை பலகையாக உப்புக்கண்டம் போட்ட மீன் அடுக்கியிருக்கும். பக்கல்யாவ் என்று அதற்குப் பெயர். கருவாட்டு வாசனைக்காக ஐரோப்பாவில் ஒரு பெண் கண் கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மிட்டாய்க் கடையில் முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் சுட்ட ஒரு தின்பண்டம் இருந்தது. 'சுஸ்பீரு' என்றார்கள். பெருமூச்சு என்று அர்த்தமாம். ஒன்றை வாயில் போட்டவள், "நம்ம ஊரு மக்ரூன்தான். முந்திரிப் பருப்புப் போட மறந்துட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

*

இந்த உறவு எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியர்களுக்குக் கொற்கை என்ற துறைமுகம் இருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கப் பிரயாண நூல் அந்தத் துறையைக் குறிப்பிட்டு, அங்கே முத்துக் குளிப்பதற்குத் தண்டனை பெற்ற கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது. அடுத்துக் காயல் தலையெடுத்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுவரை நடந்த முத்துக் குளிப்பை விவரமாக எழுதிவைத்தார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாமீன்களை மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கடலுக்குள் இறங்கியவனுக்குக் கூலி. கைதியாக இருந்தவன் ஆயிரத்து இருநூறு வருஷத்தில் கூலியாளாக உயர்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

1530களில் முத்துக் கரையின் உரிமை பற்றிப் பெரும் சண்டை மூண்டது. பரதவர் தலைவர்கள் சிலர் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் ஜோவான் தா குரூஸ் என்ற குதிரை வியாபாரி. அவர் வெள்ளைக்காரர் அல்லர். கள்ளிக்கோட்டைப் பக்கத்து ஆள். 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். எங்களுக்கு ஐந்நூறு வருஷம் முந்தியே லிஸ்பனைப் பார்த்துவிட்டு வந்து, நண்பர்களுக்கு அந்த ஊர் சமாசாரம் சொன்னவர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன். அவருடைய நண்பர்கள் கேட்டது பனியைப் பற்றி அல்ல, பீரங்கியைப் பற்றி. பாதுகாப்பு வந்தது, விலையாக மதமும் மாறியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்கு. பர்னாந்தும் கோமஸும் கரைக்கு வந்த கதை இதுதான்.

பெயர் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் வந்து இறங்கியபோது, மக்களுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் சிலரை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழில் சொல்லச் செய்து, அவற்றை அவர் மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சவேரியார் தமிழருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தார் என்று நாம் படிக்கிறோம். அதற்கு முன்னால், பெயர் தெரியாத தமிழர் சிலர் சவேரியாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவருக்குப் பின் வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகள் தமிழை முறையாகவே கற்றார். அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கரையில் உழைத்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். அவர் தயாரித்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தது முத்துக்குளித்துறை மக்கள். மூச்சை அடக்கிச் சம்பாதித்த பணத்தில் தமிழ் அச்சேறியது என்று சொன்னால் அது வெறும் அலங்காரம் அல்ல.

ஆனால் அதற்கும் இருபத்து நான்கு வருஷம் முன்னாலேயே தமிழ் அச்சேறிவிட்டது. நாங்கள் குடியிருந்த அதே லிஸ்பன் நகரத்தில். 1554 பிப்ரவரி 11ஆம் தேதியிட்டு, அரசர் கட்டளைப்படி ஒரு சிறிய ஜெபப் புத்தகம் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, கூடவே போர்த்துகீஸ் அர்த்தமும் கொடுத்திருந்தார்கள். இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் வந்து சேர்ந்ததே 1556இல்தான். புத்தகத்துக்குப் பொறுப்பானவர்களாக மூன்று பேரைச் சொல்கிறார்கள்: விசேந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வால்யு, தோமே தா குரூஸ். மூவரும் நம் நாட்டிலிருந்து போனவர்கள். இந்தப் புத்தகத்தையும் இதுபோன்ற பழைய அச்சு நூல்களையும் 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க நூல்நிலையங்களில் தேடிப் பார்த்துத் தமிழுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள்.

*

மூலப் பிரதி லிஸ்பனின் பெலெம் பகுதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் சொத்து. அதைத் தொட்டுப் பார்க்க நாங்கள் பண்டிதர்கள் அல்ல. நிழற்பதிப்பு ஒன்று ஒரு நூல்நிலையத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனோம்.

அதைப் படிப்பது எளிதாக இல்லை. ரோமன் எழுத்துக்கு ள, ழ, ற, ண பற்றியெல்லாம் என்ன கவலை? அர்த்தம் புரியாமல் நான் எழுத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். என் மனைவிதான், "நீங்க கண்ணால படிக்கிறீங்க. வாயால படிக்கணும்" என்று சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் கூட்டிக்கூட்டி வாசித்தாள். நாலைந்து வரி போனதும் நிறுத்தினாள். முகம் மாறிவிட்டது.

"எங்க பாட்டி" என்றாள்.

அவளுடைய பாட்டிக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. அன்று சாயங்காலம் அல்ஃபாமா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கைபேசியில் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"யாரு புள்ள எழுதிக் கொடுத்தது? துரைமாரு தமிழ் பேசுன மாதிரி இருக்கே!"

பிறகு சற்று நேரம் பேச்சில்லை. இன்ன ஜெபம்தான் இது என்று கண்டுபிடித்துவிட்டு, பாட்டி தன் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அது புத்தகத்தில் இருந்தது போலவும் இல்லை. இன்றைக்குக் கோயிலில் சொல்வது போலவும் இல்லை. சில சொற்கள் என் மனைவிக்கே விளங்கவில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையும், மூச்சு விடும் இடங்களும், இழுத்து முடிக்கும் விதமும் அவள் காலையில் கூட்டி வாசித்ததோடு இசைந்து வந்தன. பாட்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய பாட்டி.

"இதை எப்ப பாட்டி சொல்லுவீங்க?"

"உங்க தாத்தா குளிக்கப் போன நாள்ல சொன்னது. இதுல நாலு சொன்னா ஒரு மூச்சு. தோணி கண்ணுக்குத் தெரியாது. எந்நேரம் இறங்குறாரு, எந்நேரம் ஏறுறாருன்னு யாரு கண்டா? நான் பாட்டுக்கு நாலு நாலாச் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்த காலம் 1955 முதல் 1961 வரை. தாத்தா அந்த வருஷங்களில் குளித்தவர். குளிப்பவன் ஒரு கல்லில் காலை ஊன்றிக்கொண்டு பாருக்கு இறங்குவான். சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை ஆட்டினால், தோணியில் இருப்பவன் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அதற்குள் ஓர் உயிர் கயிற்றில் தொங்குகிறது. அதனால் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்த வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்தின் மேல் ஆசை வரலாம். ஆனால் தன் அக்காள் தாலி அறுவதை எவனும் விரும்பமாட்டான். தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியின் தம்பி.

முத்துக் குளிப்பின் வரலாற்றில் அரசர்களின் பங்கு இருக்கிறது. கம்பெனிகளின் பங்கு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு என்ற கணக்கும் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணியவர்களின் பங்கு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

*

அடுத்த வசந்த காலத்தில் என் மனைவிக்கு ஹாலந்தில் ஒரு கூட்டம் வந்தது. சார்ந்திருப்பவனும் கூடப் போனேன்.

டெல்ஃப்ட் நகரத்தில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு செப்புக் காசைக் காட்டினார்கள். பெரிய 'வி' எழுத்து. அதன் இரண்டு கால்களிலும் ஓர் 'ஓ', ஒரு 'சி'. அதைப் பார்த்ததும் என் மனைவி, "நம்ம வி.ஓ.சி.!" என்று கூவிவிட்டாள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. அந்தக் கம்பெனிதான் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அது 1799இல் ஒழிந்தது. நூறு வருஷம் கழித்து, 1906இல், அதே மூன்று எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு வக்கீல் அந்தத் துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, அதற்காகச் செக்கிழுத்தார். இன்றைக்குத் துறைமுகத்துக்கு அவர் பெயர். சரித்திரம் சில சமயம் நாவலாசிரியர்களை வெட்கப்பட வைக்கிறது. நான் இப்படி ஒரு தற்செயலைக் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.

மறுநாள் டென் ஹாக் நகரில் மௌரிட்ஸ்ஹூய்ஸ் என்ற சித்திரசாலைக்குப் போனோம். வெர்மீர் வரைந்த 'முத்துத் தோட்டுப் பெண்' அங்கேதான் இருக்கிறாள். டெல்ஃப்ட்காரரான வெர்மீர் அவளை வரைந்தது 1665 வாக்கில்; அதாவது, தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய் ஏழு வருஷத்தில். டெல்ஃப்ட்டில் அந்தக் கம்பெனிக்குக் கிளையே இருந்தது. அந்தக் காதில் தொங்குவது நம் கடலின் முத்தாக இருக்கக் கூடாதா என்று நான் மனத்துக்குள் ஒரு கதையை ஆரம்பித்துவிட்டேன்.

என் மனைவி சித்திரத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இம்புட்டுப் பெருசு முத்தா இருக்காதுங்க. நம்ம பார்ல இப்படி ஒண்ணு வந்திருந்தா எங்க தாத்தா அந்தக் கதையைச் சொல்லியே எங்களைக் கொன்னிருப்பாரு."

என் கதை அங்கேயே முடிந்தது. ஆராய்ச்சிக்காரர்களும் அதையேதான் சந்தேகிக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். அவ்வளவு பெரிய முத்து இயற்கையில் அபூர்வம். கண்ணாடியாகவோ பளபளப்பாக்கிய தகரமாகவோ இருக்கலாம் என்கிறார்கள். அந்தச் சித்திரமே 1881இல் ஏலத்தில் இரண்டு கில்டருக்குப் போனதுதான். உலகம் முழுவதும் வந்து பார்க்கும் முத்து முத்தே இல்லையோ என்னவோ. எண்பத்தெட்டு வயதில் ஒருத்தி நாலு நாலாக எண்ணிக்கொண்டிருந்த மூச்சு மட்டும் நிஜம்.

அன்று இரவு ரயிலில் என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஊருக்குப் போனதும் பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத ஆரம்பித்தாள். பாட்டிக்கு எத்தனை ஜெபம் தெரியும், விளங்காத சொற்களுக்கு என்ன அர்த்தம், தோணி திரும்பும்போது சொல்வது எது, திரும்பாவிட்டால் சொல்வது எது? ஏழு பக்கம் வந்தது. "கைபேசியில கேட்டா சரியா வராது. பக்கத்துல உட்கார்ந்து பதிவு பண்ணணும்" என்றாள்.

*

இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில், இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. சம்பளமும் சற்று உயர்வு. ஊரில் வீட்டுக் கடன் இருந்தது. நான் அப்போது ஒரு நாவலின் பாதியில் இருந்தேன். லிஸ்பனின் அமைதி எனக்கும் பிடித்துப்போயிருந்தது. இருவரும் இரண்டு இரவு பேசினோம். அவளுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. "ஒரு வருஷம்தானே, பாட்டி எங்கே போய்விடப் போகிறாள்?" என்று சொன்னவன் நான். இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்கே அர்த்தமில்லை.

2018 பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலையில் ஊரிலிருந்து செய்தி வந்தது. விமான டிக்கெட் தேடினோம். எப்படிப் பார்த்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார அம்மாள் செய்தி கேட்டு மேலே வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரம் கழித்து அவர் தம்முடைய மொழியில் மெல்ல ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். எந்த ஜெபம் என்று என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் தமிழில் சேர்ந்துகொண்டாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்தன.

அந்த வருஷக் கடைசியில் நாங்கள் ஊர் திரும்பினோம்.

நானூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக, ஒரு சிறிய தமிழ்ப் புத்தகத்தை அந்நியர்கள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1755இல் லிஸ்பனையே தரைமட்டமாக்கிய பூகம்பத்துக்கும் அது தப்பியிருக்கிறது. அவர்கள் பறிகொடுத்த ஓர் ஓசையை நாம் வைத்திருக்கிறோம். ஒருவர் பொருளை மற்றவர் காப்பாற்றித் தருவது உலகத்தில் நடக்கிறது. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை மட்டும் யாரும் பத்திரப்படுத்துவதில்லை; அது எங்கேயும் போய்விடாது என்று நினைக்கிறோம். சரித்திரம் தேடி நான் ஆறாயிரம் மைல் போனேன். அது தூத்துக்குடியில் ஒரு கடற்கரைத் தெருவில், கண்பார்வை மங்கி, நாங்கள் எப்போது வருவோம் என்று கேட்டுக்கொண்டு இருந்தது.

முத்துப் பார்களில் 1961க்குப் பிறகு குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். 1974இல் புதிய துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் வந்தன. கயிற்றை நம்பிக் கடலில் இறங்கியவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ண வேண்டியதுதான். அவர்களுக்காகக் கரையில் மூச்சை எண்ணியவர்களும் அப்படியே.

என் மனைவி இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த ஏழு பக்க நோட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைத் தெருக்களில் வீடு வீடாகப் போகிறாள். ஒரு கிழவிக்கு ஒன்று தெரிகிறது. இன்னொருத்திக்கு அதில் பாதி தெரிகிறது. பாட்டி சொன்ன அந்தப் பாடம் முழுதாக இன்னும் யாரிடமும் கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது என் வேலை. சார்ந்திருப்பவன் என்ற பட்டத்தை நான் இன்னும் இழக்கவில்லை.

போன மாதம் ஒரு வீட்டில், தொண்ணூறு வயது கடந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டாள்: "என்னட்ட என்னத்த ஆத்தா கேக்க வந்திருக்கே? எல்லாந்தான் பொஸ்தகத்துல இருக்கே!"

"இதுல இல்ல பாட்டி. நீங்க சொல்லுங்க" என்று என் மனைவி நோட்டைத் திறந்தாள்.